அரை டன் பிக்கப்பில் வாஃபிள் கடை

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு ஊல்ஸ்டாட் லூத்தரன் தேவாலயத்தின் பின்புறம் என் பிக்கப்பில் இருந்தவர்கள் நால்வர். முன்னால் இடப்பக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான், ஹார்லன் டோல்ஸ்ருட், வண்டிக்குச் சொந்தக்காரன், சபையின் செயலாளர். முன்னால் வலப்பக்கம் என் மனைவி ஆர்டிஸ், இந்த வருடம் முதன்முறையாக வாஃபிள் கடைக்குப் பொறுப்பாளர். எனக்கு நேர் பின்னால் அவளுடைய தங்கை லவான். லவானுக்குப் பக்கத்தில், ஆர்டிஸுக்குப் பின்னால், லவானின் கணவன் ஓரின் ஹெக்ஸ்டாட். எனக்குச் சகலை. அவனிடம் முக்கால் டன் டீசல் பிக்கப் இருக்கிறது. அதன் கியர்பெட்டி அன்றைக்கு அவன் வீட்டுக் கராஜ் தரையில், பழைய செய்தித்தாள் விரித்து, துண்டு துண்டாகக் கிடந்தது.

பிக்கப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்தது எங்கள் சபையின் கடைவண்டி. பதினாறு அடி நீளம், இரண்டு ஜோடிச் சக்கரம், வெள்ளைப் பெயின்ட். உள்ளே, மாவை ஊற்றிக் கட்டம் கட்டமாக வாஃபிள் பணியாரம் சுடும் வார்ப்பிரும்பு அச்சுகள் பன்னிரண்டு, காபி கொதிகலன் இரண்டு, மாவு மூட்டைகள், ஒரு குளிர்பெட்டி. பிக்கப்பின் பின்தட்டில் கரைத்த மாவு நான்கு வாளி.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அதுவே காரணம்.

மாவட்டச் சந்தை மைதானத்தில் அரங்க வாசலுக்கு எதிரே உள்ள இடம் ஐம்பத்திரண்டு வருடங்களாக எங்களுடையது. டிராக்டர் இழுவைப் போட்டி முடிந்து வெளியே வரும் ஜனம் முதலில் மோதுவது எங்கள் கடையில்தான். விதி ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் கடை அந்த இடத்தில் நிற்க வேண்டும், உணவு கையாளும் அட்டை வைத்திருக்கும் மூன்று பேர் ஏப்ரன் கட்டிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். இல்லையென்றால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். பட்டியலில் பதினோரு வருடமாக முதலில் இருப்பவர்கள் ஊரின் இன்னொரு சபையான மெதடிஸ்டுகள். அவர்களுடைய ஐஸ்கிரீம் கடை இப்போது இருப்பது பன்றிக் கொட்டகைக்குப் பின்னால்.

அட்டை வைத்திருந்தவர்கள் ஆர்டிஸ், லவான், ஓரின். என்னிடம் இல்லை. நான் தேர்வு எழுதினேன், ஆனால் கோழி எவ்வளவு சூட்டில் வேக வேண்டும் என்ற கேள்வியில் போய்விட்டது.

“அம்பத்திரண்டு வருஷம் யாரும் தொலைக்காத இடம்,” என்று ஆர்டிஸ் அன்று காலை மட்டும் நான்கு தடவை சொல்லியிருந்தாள். “நான் வந்த மொத வருஷமே தொலைச்சேன்னா, சவ அடக்கத்துல கூட அதத்தான் சொல்லுவாங்க. காபியக் குடிச்சுக்கிட்டே சொல்லுவாங்க.”

“இந்த அரை டன்னுல போறோம்ல? தொலைஞ்ச மாதிரிதான்,” என்றான் ஓரின்.

“உன் முக்கால் டன் எங்க சகலை? கூப்பிடேன், வரட்டும்,” என்றேன்.

“அது ஓய்வுல இருக்கு.”

“துண்டு துண்டா ஓய்வெடுக்குது,” என்றாள் லவான். “காலைல சோபாவுக்கு அடியில ஒரு பல்சக்கரம் கெடச்சுது.”

அரை டன் என்பது பெயர் மட்டும்தான். விற்றவர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் இந்த பிக்கப் ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது. கடைவண்டி எல்லாம் ஏற்றி ஐயாயிரத்து அறுநூறுதான். ஆகவே கடையை யார் இழுப்பது என்று சபைக் கூட்டத்தில் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருப்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஆட்களும் சுமையும் சேர்த்து 1,390 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. கடைவண்டி தன் மூக்கை பிக்கப்பின் கொக்கி மேல் வைத்து அழுத்துகிறதே, அந்தப் பாரமும் சுமையில்தான் சேரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் சுமைதான். புத்தகத்தின் படத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறுகிற ஆள் தனியாகப் போவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எனவே முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்த காபி நேரத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டேன். பெயர், எடை, இரண்டே பத்தி. என் எடையை முதலில் எழுதினேன், 181. ஆர்டிஸ் 140 என்று எழுதினாள். எனக்கும் அவளுக்கும் திருமணமாகி நாற்பத்தோரு வருடம் ஆகிறது, ஆகவே 140 என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஓரின் 210 என்று எழுதி, பக்கத்தில் ‘பூட்ஸ் இல்லாமல்’ என்று அடைப்புக்குறி போட்டான். லவான் தன் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு பூ வரைந்தாள்.

பூவுக்கு நான் பூஜ்யம் போட்டேன். வேறென்ன போடுவது? மாவு வாளிகள் 180. கொக்கி மேல் பாரம், புத்தகத்தில் சொன்ன விகிதப்படி 670. எல்லாம் கூட்டினால் 1,381. ஒன்பது பவுண்டு மிச்சம்! அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய் காலை நான்கு பேரும் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிக்கப்பின் பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக, தரையை நோக்கி இறங்கியது. முன்பக்கம் எழும்பியது. கண்ணாடி வழியாக எனக்குச் சாலை தெரியவில்லை. தேவாலயக் கோபுரமும் அதற்கு மேல் இரண்டு மேகமும் தெரிந்தன.

“அத்தான், இது சாலைக்குப் போகுதா, நேரா பரலோகத்துக்கா?” என்று லவான் கேட்டாள்.

“கெளம்பினா சரியாயிடும்,” என்றேன்.

கிளம்பியும் சரியாகவில்லை. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினால், அது யோசித்துச் சொல்கிறேன் என்றது. எதிரே வந்தவர்கள் பட்டப்பகலில் என் முகப்பு விளக்குகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்கள். எல்லோரும் எங்கள் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். ஆறு மைல் இப்படிப் போனபின் தானியக் கூட்டுறவின் எடைமேடை வந்தது. வண்டியை அதன் மேல் ஏற்றினேன்.

ஆகஸ்ட் மாதம் கோதுமை வரத்து நேரம். எங்களுக்குப் பின்னால் மூன்று தானிய லாரிகள் வந்து நின்றன. எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் டெல்வின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தான். அவன் பேசுவதெல்லாம் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும்.

“ஹார்லன் அண்ணே, கோதுமையா, சோயாவா?” என்று ஒலிபெருக்கி கேட்டது.

நான் ஜன்னலை இறக்கி, “ஆளுங்க!” என்று கத்தினேன்.

“ஆளுங்களுக்கு ஈரப்பதம் பாக்கணுமா?”

பின்னால் ஒரு லாரிக்காரர் சிரித்தது கேட்டது. முதலில் எல்லோரையும் வைத்து எடை போட்டான். பிறகு இறங்கச் சொல்லி மறுபடியும் போட்டான். பிறகு கடைவண்டியைக் கழற்றி, அதன் மூக்குக்குக் கீழே இருக்கும் காலை மட்டும் மேடையில் ஊன்றி எடை போட்டான்.

“கொக்கிப் பாரம் எண்ணூத்தி எம்பது,” என்றது ஒலிபெருக்கி. லவான் எல்லா வாஃபிள் அச்சுகளையும் எடுக்க வசதியாக முன்கதவுப் பக்கமே அடுக்கியிருந்தாள். “நாலு பேரும் சேத்து…”

“டெல்வின், தாள்ல எழுதிக் குடு!” என்று ஆர்டிஸ் கூண்டை நோக்கி ஓடினாள்.

“…எண்ணூத்தி அறுபத்தாறு!”

லாரிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எதற்காக என்று தெரியவில்லை. துக்கத்துக்கா, மரியாதைக்கா?

“தனித்தனியா போடட்டுமா? ஒரு நிமிஷ வேலதான்,” என்றது ஒலிபெருக்கி.

“வேண்டாம்!” என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சபையில் பாடும்போதுகூட இவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் பாடியதில்லை.

தாளில் எழுதியிருந்தது 531. தராசு சொன்னது 866. இடையில் 335 பவுண்டு எங்கிருந்தோ வந்து வண்டியில் ஏறியிருந்தது. என் எடை சரி என்பது எனக்குத் தெரியும். மீதியைப் பென்சிலால் கழித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஆர்டிஸ் என் பென்சிலைப் பார்த்தாள். நான் அதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“என் பூட்ஸ் கொஞ்சம் கனம்,” என்றான் ஓரின்.

“எவ்வளவு கனம் சகலை, அடியில லாடம் அடிச்சிருக்கா?” என்றேன்.

“சும்மா இருங்க ரெண்டு பேரும். மணி ஒம்பதரை,” என்றாள் ஆர்டிஸ். “இப்ப என்ன செய்யணும்?”

ஓரின் முன்வந்தான். இழுப்பதில் முப்பது வருட அனுபவம் என்றான். அச்சுகளையெல்லாம் கடைவண்டியின் பின்கோடிக்குத் தள்ளிவிட்டால் மூக்கு இலேசாகிவிடும், பிக்கப் நிமிர்ந்துவிடும். நால்வரும் மாற்றி அடுக்கினோம். ஒவ்வொரு அச்சும் ஒரு கன்றுக்குட்டி கனம். லாரிக்காரர்கள் மூவரும் இறங்கி வந்து, “நாங்க புடிக்கட்டுமா?” என்று கேட்டார்கள். “அய்யோ, வேண்டாங்க,” என்றோம். மறுபடி கேட்டார்கள். “பரவால்லங்க, நாங்களே,” என்றோம். மூன்றாவது தடவை கேட்டார்கள். “சரி, இவ்வளவு சொல்றீங்க,” என்று கொடுத்தோம். இதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று.

பிக்கப் உண்மையாகவே நிமிர்ந்தது. எனக்குச் சாலை தெரிந்தது. ஓரின் பின்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான், பாராட்டுக்காகக் காத்திருந்தான். நாற்பது மைல் வேகம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. நாற்பத்தைந்தில் கடைவண்டியின் வால் மெல்ல ஆட ஆரம்பித்தது. இடது. வலது. இடது. பின்பாரம் அதிகமானால் வண்டி இப்படித்தான் ஆடும், வால் ஆடினால் தலையையும் சேர்த்து ஆட்டும் என்பது பிறகு நான் படித்து அறிந்தது. அந்த நேரத்தில் அறிந்தது, எனக்குப் பின்னால் லவான் “கர்த்தரே கர்த்தரே” என்று தாளத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும்தான்.

“பிரேக்க மிதிக்காத சகலை! கால எடு! கால மட்டும் எடு!” என்று ஓரின் கத்தினான்.

அந்த ஒன்றில் அவன் சொன்னது சரி. காலை எடுத்தேன். வேகம் குறைந்தது, ஆட்டம் நின்றது, சர்க்கரை பீட்ரூட் வயல் ஓரமாக வண்டியும் நின்றது. ஆர்டிஸின் காலடியில் காபித் தம்ளர் கவிழ்ந்திருந்தது. மைதானத்துக்கு இன்னும் பதினொரு மைல். மணி பத்து ஐம்பத்தைந்து.

அப்போதுதான் ராய்ஸ் டாக்கெட் வந்தார். அவரிடம் ஒரு டன் பிக்கப், பின்னால் மட்டும் நான்கு சக்கரம், கொக்கி காலி. தெற்கே, தூரத்து டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் மார்ஜீனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். மார்ஜீன் மெதடிஸ்ட் சபையின் ஆர்கன் வாசிப்பவள், அவர்களுடைய ஐஸ்கிரீம் கடைக்குத் தலைவியும் அவளே.

ராய்ஸ் வண்டியை நிறுத்தி, அகலத் தொப்பியோடு இறங்கி வந்தார்.

“என்னங்க, ஏதும் சிக்கலா? நான் வேணா இழுத்துக்கிட்டுப் போகட்டுமா?”

“அய்யோ, வேண்டாங்க,” என்றாள் ஆர்டிஸ். “உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“சிரமம் ஒண்ணுமில்லம்மா. வண்டி சும்மாதான போகுது.”

“இல்ல இல்ல. நாங்க சமாளிச்சுக்குவோம்,” என்றேன் நான்.

நாங்கள் நால்வரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ராய்ஸ் தொப்பியைத் தொட்டார்.

“சரிங்க. நல்லபடியா போய்ச் சேருங்க.”

ஏறினார். போய்விட்டார். அந்த நான்கு பின்சக்கரமும் கிளப்பிய புழுதி எங்கள் மேல் மெதுவாகப் படிந்தது.

“போயிட்டான்,” என்றான் ஓரின்.

“மூணாவது தடவ கேக்கவே இல்லையே!” என்றாள் லவான். அவள் குரல் உடைந்துவிட்டது.

எங்கள் பக்கம் யாராவது உதவுகிறேன் என்றால் முதல் தடவை வேண்டாம் என்பது வணக்கம் மாதிரி. இரண்டாவது தடவை வேண்டாம் என்பது, நீங்கள் உண்மையாகவே கேட்கிறீர்களா என்று கேட்பது. மூன்றாவது தடவை கேட்பதுதான் கேள்வி. இது குழந்தைக்கும் தெரியும். டெக்சாஸில் தெரியாது போலிருக்கிறது.

“மொத தடவையே சரின்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றான் ஓரின்.

“நீ சொல்லியிருக்க வேண்டியதுதான?” என்றேன்.

“நான் எப்பிடி? எனக்கென்ன, வளர்ப்பு சரியில்லையா?”

ஆர்டிஸ் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அச்சுகளைப் பாதி முன்னால் கொண்டுவந்து சக்கரத்துக்கு மேலே வைத்தால் ஆட்டம் நிற்கும், கொக்கிப் பாரம் 670 ஆகும். வாளிகளையும் சேர்த்தால் மீதி 540 பவுண்டு ஆட்களுக்கு. நான் தனியாக ஓட்டிப் போனால் எந்தக் கவலையும் இல்லை. ஆனால் அங்கே போய் ஏப்ரன் கட்டி நிற்க வேண்டிய மூன்று பேர் இங்கே வயலோரம் நிற்பார்கள். அவர்கள் மூவரும் போய் நான் நின்றால்? 866இல் 181 போனால் 685. அப்போதும் 145 அதிகம்.

“சுருக்கமாச் சொல்லுங்க,” என்றாள் ஆர்டிஸ்.

“இந்த வண்டி கடைய இழுக்கும். ஆனா கடைக்கு வேண்டிய ஆளுங்க யாரும் உள்ள உக்காரக் கூடாது.”

“நல்ல வண்டி,” என்றான் ஓரின்.

மணி பதினொன்று ஐந்து. ஆர்டிஸ் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ராய்ஸின் எண் எங்கள் யாரிடமும் இல்லை. இருந்தது மார்ஜீனின் எண். நாங்கள் பன்னிரண்டுக்குள் போகாவிட்டால் யாருக்கு இடம் கிடைக்குமோ, அதே மார்ஜீன்.

“அக்கா, அவகிட்டயா?” என்றாள் லவான்.

ஆர்டிஸ் எண்ணை அழுத்தினாள். வயல்வெளியில் இரண்டு பக்கப் பேச்சும் எங்களுக்குக் கேட்டது.

“மார்ஜீன், நான் ஆர்டிஸ்.”

“ஆர்டிஸா! என்ன, ஒரே இரைச்சலா இருக்கு. காத்தா?”

“காத்துதான். அங்க?”

“இங்கயும் காத்துதான். மழை இல்ல.”

“மழை இல்லாதவரைக்கும் பரவால்ல.”

“ஆமா, இதவிட மோசமா இருந்திருக்கலாம். உன் தக்காளி எப்பிடி?”

ஓரின் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆர்டிஸின் மூக்குக்கு நேரே ஆட்டினான். ஆர்டிஸ் திரும்பி நின்றுகொண்டு தக்காளியைப் பற்றிச் சொன்னாள். முழுவதும் சொன்னாள், இலைச் சுருட்டு நோய் உட்பட. பேச்சை நடுவில் வெட்ட முடியாது, மார்ஜீன் கேட்டுவிட்டாளே. பிறகு மார்ஜீனின் வெள்ளரி.

“அப்புறம்,” என்றாள் ஆர்டிஸ், “ராய்ஸ் இந்தப் பக்கம் போனாரு.”

“ஓ. நின்னாரா?”

“நின்னாரு. ரொம்ப நல்லவிதமா கேட்டாரு.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “ஆறு வருஷமா அந்த மனுஷனுக்குச் சொல்லிக் குடுக்கறேன், ஆர்டிஸ். எங்க அம்மா வீட்டுக்கு மொத தடவ வந்தப்ப, அவங்க ‘இன்னொரு துண்டு கேக்’னு கேட்டாங்க, இவரு ‘ம்’னு வாங்கித் தின்னுட்டாரு. அம்மாவுக்கு இன்னும் அது ஆறல. சரி, உனக்கு இப்ப அவரு வேணுமா?”

“அவருக்கு வேற வேல இல்லன்னா… ஒருவேள தற்செயலா இந்தப் பக்கமா திரும்பி வர்ற மாதிரி இருந்தா…”

“ஆர்டிஸ். மணி பதினொண்ணு பன்னண்டு. நான் இங்க அரங்க வாசல்ல நிக்கறேன். உங்க இடம் காலியா இருக்கு. மைதானப் பொறுப்பாளர் பட்டியலும் பென்சிலுமா என் பக்கத்துல நிக்கறாரு. வேணுமா, வேண்டாமா?”

ஆர்டிஸின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறுவதைப் பார்த்தேன். எங்கள் திருமணத்தில் போதகர் கேட்ட கேள்விக்குக்கூட அவள் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

“வேணும்,” என்றாள்.

போனை வைத்ததும் பிக்கப்பின் பின்தட்டு விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அச்சுகளை நாங்கள் மாற்றி அடுக்கி முடிக்கவும் ராய்ஸ் திரும்பி வரவும் சரியாக இருந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. இறங்கியதும் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மார்ஜீன் சொன்னா, இன்னொரு தடவ கேக்கணுமாம். கேக்கறேன். உதவட்டுமா?”

“நீங்க இவ்வளவு தூரம் வற்புறுத்தறதால,” என்றாள் ஆர்டிஸ்.

அவரே கடைவண்டியை இழுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் கொக்கியில் ஒரு சிக்கல். அவருடைய கொக்கி உருண்டை பெரிசு, எங்கள் கடைவண்டியின் மூக்கோ இரண்டு அங்குல உருண்டைக்குச் செய்தது. ஓரின் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம் என்றான். அவனைத் தள்ளி நிறுத்தினோம். ஆகவே கடையை நான் இழுப்பது, ஆட்களையும் மாவையும் ராய்ஸ் சுமப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும் அந்தப் பூதம் மூன்று லூத்தரன்களையும் நான்கு வாளி மாவையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. நான் தனியாக, புத்தகத்தில் மலையேறுகிற ஆளைப் போல, பின்னால் போனேன். வண்டி ஆடவில்லை, மூக்கைத் தூக்கவில்லை, ஐம்பத்தைந்தில் ரயில் மாதிரி ஓடியது. வாய்விட்டுப் பாடினேன். கேட்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

மைதான வாசலில் மணி பதினொன்று நாற்பத்தாறு. எங்கள் இடத்துக்குள் கடையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். இதில் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் வழிகாட்ட ஆட்கள் அதிகம்.

“இடது! இடது!” என்றான் ஓரின்.

“எந்த இடது? என் இடதா, உன் இடதா?”

“கடையோட இடது!”

“அத்தான், தீயணைப்புக் குழாய்!” என்றாள் லவான்.

“நேரா வாங்க, நேரா… அது நேர் இல்லங்க,” என்றாள் ஆர்டிஸ்.

முதல் முயற்சியில் கடை மிட்டாய்க்காரரின் கூடாரத்தை முத்தமிட்டது. இரண்டாவதில் நான் பிக்கப்பையும் கடையையும் மடித்த பேனாக்கத்தி மாதிரி ஆக்கிவிட்டேன். மார்ஜீன் தன் ஐஸ்கிரீம் வண்டியின் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். என் ஜன்னலருகே குனிந்தாள்.

“ஹார்லன், ஸ்டியரிங்கோட அடியில கைய வையி. கடை எந்தப் பக்கம் போகணுமோ, கைய அந்தப் பக்கம் நகத்து. வேற யார் பேச்சையும் கேக்காத.”

வைத்தேன். நகர்த்தினேன். கடை வெண்ணெய்க்குள் கத்தி போவது போல இடத்துக்குள் போயிற்று. ஓரின் தன் வழிகாட்டலுக்குக் கிடைத்த பலன் போலக் கையைத் தட்டித் தூசி துடைத்தான். ஏப்ரன் முடிச்சுப் போடும்போது லவானின் முடிச்சும் ஓரினின் முடிச்சும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. அப்படியே ஒட்டி நின்றார்கள். மைதானப் பொறுப்பாளர் மூன்று அட்டையையும் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். பதினொன்று ஐம்பத்தெட்டு.

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தபோது மார்ஜீன் தன் ஐஸ்கிரீம் வண்டியை நகர்த்தத் தொடங்கியிருந்தாள். எங்கள் இடத்திலிருந்து இருபதடி தள்ளி, காலையிலிருந்து அதைத் தயாராக நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். இன்னும் முக்கால் மணி நேரம் தக்காளியைப் பற்றிப் பேசியிருந்தால் போதும், இடம் அவளுடையது. அவள் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஐந்து நாளும் எங்கள் கடையில் கூட்டம் அலைமோதியது. ஆர்டிஸ் ஒரு வாஃபிளைக்கூடக் கருகவிடவில்லை. ஆனால் காற்று பன்றிக் கொட்டகைப் பக்கமிருந்து அடிக்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

“இங்கயே இப்பிடி வீசுதே,” என்பாள். “அங்க நின்னு வெனிலா தின்னா என்ன ருசி தெரியும்?”

வெள்ளிக்கிழமை நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளந்தேன். முப்பது அடி. எங்கள் கடை பதினாறு. மார்ஜீனின் வண்டி பத்து. இதை ஆர்டிஸிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. அவள் முந்தின நாளே காலடியால் அளந்துவிட்டிருந்தாள்.

“வாஃபிள் மேல ஐஸ்கிரீம்,” என்றான் ஓரின். “அம்பத்திரண்டு வருஷமா யாருக்கும் தோணலையா?”

“தோணியிருக்கும். யாரும் மூணு தடவ கேட்டிருக்க மாட்டாங்க,” என்றாள் லவான்.

சந்தை முடிந்த திங்கட்கிழமை எங்கள் சமையலறை மேசையில் நான் பேனாவை எடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து அரங்க வாசல் இடத்தை இரண்டு சபைகளும் பங்கிட்டுக்கொள்ளலாம், மார்ஜீனுக்குச் சம்மதமானால் மைதானக் குழுவுக்குச் சேர்ந்து எழுதலாம் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதினேன். ஆர்டிஸ் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்னு பதில் போடுவா.”

“ஏன்?”

“மொதக் கடுதாசிக்கு வேற என்ன போடுவா? நல்ல வளர்ப்பு அவளுக்கு. நாம மறுபடி எழுதணும், மறுபடியும் வேண்டாம்னு போடுவா. மூணாவது போறதுக்குள்ள பனி விழுந்து, மைதானக் குழு கூட்டமே முடிஞ்சுடும்.”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இன்னும் இரண்டு தாள் எடுத்தேன். இரண்டாவது கடிதத்தை, ‘தங்கள் அன்பான மறுப்பு கிடைத்தது’ என்று தொடங்கினேன். மூன்றாவதை, ‘தாங்கள் மீண்டும் மறுத்ததில் எங்களுக்கு வருத்தமே ஆனாலும்’ என்று தொடங்கி, நாங்கள் உண்மையாகவே கேட்கிறோம் என்று முடித்தேன். தாள்களின் மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். மூன்றையும் ஒன்றாக மடித்து ஒரே உறையில் வைத்தேன்.

“ராய்ஸ் பிரிச்சா மொதக் கடுதாசிலயே சரின்னுடுவாரே,” என்றாள் ஆர்டிஸ்.

“அப்ப மிச்ச ரெண்டும் வீண்.”

“வீணாப் போகட்டும். ஒட்டுங்க.”

ஒட்டினேன். வாசலுக்குப் போய்ச் சாலையோரத் தபால்பெட்டியில் உறையை வைத்து, எடுத்துப் போகக் கடிதம் இருக்கிறது என்று அஞ்சல்காரருக்குக் காட்டும் அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டேன். பத்தே காலுக்கு அஞ்சல் வண்டி வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனது.